அம்மாவின் கை வீக்கத்துக்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தேவை

அம்மாவுக்கு 56 வயது. ஊர் முக்கூடல். 2023 ஜூனில் இடது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. அக்குள் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு கீமோ, கதிர்வீச்சு. புற்று இப்போது இல்லை. ஆனால் போன தீபாவளிக்குப் பிறகு இடது கை வீங்கத் தொடங்கி, முன்கைச் சுற்றளவு வலது கையைவிட 4 செ.மீ. கூடிவிட்டது. புறங்கையில் விரலால் அழுத்தினால் விழும் பள்ளம் அப்படியே நிற்கிறது. பீடி சுற்றிப் பழகிய கை. இலையை மடக்க விரல்கள் ஒத்துழைப்பதில்லை. வலியைவிட அம்மாவுக்கு அதுதான் வேதனை.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தாயிற்று, ரத்தக்கட்டு இல்லை. கணுக்களை எடுத்த பிறகு நிணநீர் சரியாக வடியாமல் கையில் தேங்கும் நிணநீர் வீக்கம்தான் (லிம்ஃபெடிமா) என்றார் டாக்டர். ஒருமுறை கை சிவந்து காய்ச்சல் வந்து, ஆன்டிபயாடிக்கில் அடங்கியது. நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள், பயனில்லை. தேங்குவது புரதம் கலந்த நீர் என்பதால் அந்த மாத்திரைக்கு வீக்கம் வடியாது. கடையில் வாங்கிய அழுத்த உறை மேல்கையை இறுக்கி, வீக்கத்தை விரல்களுக்குத் தள்ளியது. பக்கத்து பிசியோதெரபி மையத்தில் மெழுகு ஒத்தடம் என்றார்கள். சூடு வீக்கத்தைக் கூட்டும் என்பதால் மறுத்துவிட்டோம்.

வேண்டியது, நிணநீரை வடிக்கும் மென்மையான மசாஜ், பல அடுக்கு பேண்டேஜ் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு நான்கும் சேர்ந்த சிகிச்சை. தொடக்கத்தில் சில வாரங்கள் தினமும் போகவேண்டியிருக்கும் என்பதால் சென்னையும் வேலூரும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் இதை முறையாகக் கற்றுச் செய்யும் பிசியோதெரபிஸ்ட் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?