ஆம்ஸ்டர்டாமில் கஞ்சா சட்டப்படி சரியா?

காரைக்குடி அக்கா: தம்பி மகன் மேல்படிப்புக்கு ஆம்ஸ்டர்டாம் போகிறான். அங்கே கடை வைத்தே கஞ்சா விற்கிறார்களாம். வீட்டில் ஆச்சிக்குத் தூக்கமே இல்லை. சட்டம் என்னதான் சொல்கிறது?

தேவகோட்டைக்காரன்: அக்கா, சட்டப்படி அது குற்றம்தான். ஆனால் 1976-இல் ஓபியம் சட்டம் என்ற அந்நாட்டுப் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, கஞ்சாவை ஹெராயின் மாதிரியான சரக்கிலிருந்து தனியாகப் பிரித்துவிட்டார்கள், அதனால் 'காபி ஷாப்' என்ற கடைகளில் 18 வயது நிரம்பியவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் வரை விற்றால் வழக்குப் போடுவதில்லை. மது விற்கக் கூடாது, விளம்பரமும் கூடாது. எனக்குப் பொறுக்காதது என்னவென்றால், முன்வாசலில் விற்க விடுகிறார்கள், பின்வாசல் வழியாகக் கடைக்குச் சரக்கு வருவதற்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அந்தக் காசெல்லாம் கும்பல்களுக்குத்தானே போகும்?

பள்ளத்தூர் வாசி: நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். உள்ளூர்க்காரர்களுக்கே சலித்துவிட்டது. 2023 மே முதல் சிவப்பு விளக்குப் பகுதித் தெருக்களில் புகைத்தால் 100 யூரோ அபராதம். அதே வருஷம், கூத்தடிக்க வரும் பிரிட்டன் இளைஞர்களை வராதே என்று நகராட்சியே விளம்பரம் செய்தது. ஆச்சி பயப்பட வேண்டியது தெரு வியாபாரிகளுக்குத்தான். 2014-இல் கோகைன் என்று நம்பி வெள்ளை ஹெராயினை வாங்கிய சுற்றுலாப் பயணிகள் செத்தே போனார்கள்.

காரைக்குடி அக்கா: சரி தம்பி, அவனிடம் இதை அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

தேவகோட்டைக்காரன்: அப்புறம் அக்கா, ஊருக்கு வரும்போது பையில் துளிகூட இருக்கக் கூடாது. இங்கே 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டப்படி கைதுதான்.