சின்னப் பிள்ளைங்களுக்கு தோட்டத்து இங்கிலீஷ்: அண்டர், பிஹைண்ட் எல்லாம் எப்படிச் சொல்லிக் குடுக்குறீங்க?

தட்டோன் சயாமா:

எல்லாருக்கும் வணக்கம். நான் பர்மாவுல தட்டோன்ல இருக்கேன், ஞாயித்துக்கெழம கோயில் மண்டபத்துல பிள்ளைங்களுக்கு தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் சொல்லிக் குடுக்குறேன். மொத்தம் பதினாலு பேரு, ஆறு வயசுலேர்ந்து எட்டு வயசு வரைக்கும். வீட்ல தமிழ், ஸ்கூல்லயும் தெருவுலயும் பர்மா பாஷை, இங்கிலீஷ் மூணாவதாத்தான் வருது, அதுவும் ஸ்கூல்ல கோரஸா கத்துறதோட சரி.

இப்ப தோட்டம் பாடம் நடத்துறேன். கையில இருக்கறது எங்கயோ எடுத்த ஜெராக்ஸ் படம், அதுல ட்யூலிப் பூவு, மர ஷெட்டு, கையில கிளவுஸ் போட்ட வெள்ளக்காரப் பாட்டி. நம்ம பிள்ளைங்க ட்யூலிப்ப எங்க போய் பாக்கும். கார்டன்னா என்னன்னு கேட்டா ஒரு பையன் மகாபந்துலா பூங்கான்றான், யாங்கோன் போனப்ப பாத்தானாம். சரி போகட்டும், சொல்லெல்லாம் எப்படியோ ஒப்பிச்சிருதுங்க, லீஃப், ரூட், ஸ்னெயில்னு. மாட்டிக்கிறது எடம் சொல்ற எடத்துலதான். தொட்டிக்கு அடில தவளைன்னு சொல்லச் சொன்னா 'பாட் அண்டர் ஃப்ராக்'. பூவுக்கு மேல பட்டாம்பூச்சி பறக்குதுன்னாலும் 'ஆன்', பூ மேல உக்காந்தாலும் 'ஆன்'.

போன வாரம் பெரிய சண்டையே ஆயிப்போச்சு. வேப்பமரத்துக்கு அந்தாண்ட ஒரு சின்னப் பொண்ண நிக்க வெச்சு அவ எங்க இருக்கான்னு கேட்டேன், எல்லாரும் 'பிஹைண்ட் த ட்ரீ'ன்னாங்க. அவ அங்கேர்ந்தே 'இன் ஃப்ரன்ட் ஆஃப்'னு கத்துறா. நான் தப்புன்னுட்டேன், அழுதுட்டா. வீட்டுக்கு வந்து யோசிச்சா அவ சொன்னதுலயும் ஏதோ ஞாயம் இருக்கற மாதிரிதான் தோணுது. யாராச்சும் இத உருப்படியா நடத்துனவங்க இருந்தா சொல்லுங்க. கரண்ட் இருக்கறதும் இல்லாததும் தெரியாது, அதனால வீடியோ மட்டும் வேணாம்.

பெகு வாத்தியார்:

சயாமா (நம்ம ஊர்ல டீச்சரம்மாவ இப்படித்தான கூப்பிடுறோம்), பிள்ளைங்க மேல தப்பே இல்ல. தமிழ்லயும் பர்மாவுலயும் எடம் சொல்ற சொல்லு பொருளுக்குப் பின்னாடி வாலு மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். நாம 'மேசை மேல'ன்னா அவங்க 'ஸபுவெ பொஹ்மா', ஸபுவென்னா மேசை, 'பொ'ன்னா மேல, ஹ்மா நம்ம 'ல' மாதிரி. வரிசை அச்சு அசலா ஒண்ணு. இங்கிலீஷ்ல அந்த வால முன்னாடி கொண்டாந்து வெக்கணும். நீங்க தமிழ்ல சொல்லி மாத்தச் சொன்னா அது சொல்லுக்குச் சொல்லு மாத்தி 'பாட் அண்டர்'னுதான் நிக்கும், வேற என்ன செய்யும் பாவம். மொதல்ல மாத்தச் சொல்றத விடுங்க.

நான் முழு வாக்கியமே கேக்க மாட்டேன். 'வேர் இஸ் த ஃப்ராக்?'னு நான் கேப்பேன், பதில் 'அண்டர் த பாட்', அவ்ளோதான். மூணு சொல்லையும் ஒரே மூச்சுல, ஏதோ ஒரே சொல்லு மாதிரி, அண்டர்தபாட். பாட் தனியா அண்டர் தனியா அதுங்க வாயில வரவே கூடாது. ரெண்டு மூணு வாரம் இப்படியே ஓட்டிட்டு அப்புறமா முன்னாடி 'இட்ஸ்' ஒட்டுங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு வாரம் பிள்ளைங்க பேசவே வேணாம், செஞ்சா போதும். 'புட் த ஸ்டோன் இன் த பக்கெட்'னு நீங்க சொல்லுங்க, அதுங்க ஓடிப்போய் போடட்டும். ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1960கள்லயே இத ஒரு முறையாவே ஆக்கிட்டாரு, டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ்னு பேரு. நான் பேரு தெரியாமலே முப்பது வருஷமா செஞ்சுக்கிட்டு இருந்தேன்னு வெச்சுக்கோங்க.

ஆன், அபோவ் ரெண்டுக்கும் நமக்கு 'மேல' ஒண்ணுதான், பர்மாவுலயும் 'பொ' ஒண்ணுதான், அதனால அங்க ரெண்டு பாஷையும் கைகுடுக்காது. ஒரு காகிதப் பட்டாம்பூச்சிய நூல்ல கட்டி பூ மேல எறக்குங்க. ஒட்டுச்சுன்னா ஆன், ஒரு சாண் தூக்குனா அபோவ். ஆன்னா மேலங்குற அர்த்தமே இல்ல, ஒட்டிக்கிட்டு இருக்கறது. செவுத்துல பல்லி ஆன் த வால், விட்டத்துல ஈ தலகீழா தொங்கும், அதுவும் ஆன் த சீலிங். இந்த ஈயச் சொன்னா பிள்ளைங்க சிரிக்கும், சிரிச்சது மறக்காது.

மிங்கலா அக்கா:

யாங்கோன்லேர்ந்து எழுதுறேன். வாத்தியாரய்யா சொன்னது சரி, ஆனா தங்கச்சி, மொதல்ல அந்த ஜெராக்ஸ் பாட்டிய அடுப்புல போடு. உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு புளிச்சகீரையும் கங்குன் கீரையும் முருங்கையும் நிக்குது, அத விட்டுட்டு ட்யூலிப் எதுக்கு? காலி டின்பால் டப்பா பதினாலு சேத்துக்கோ, அதான் நம்ம அரிசி அளக்குற நொஸிபூ, எந்த டீக்கடையிலயும் சும்மாவே குடுப்பாங்க. அடில ஆணியால ஓட்ட போட்டு மண்ணு ரொப்பி ஆளுக்கு நாலு பாசிப்பயறு. மூணு நாலு நாள்ல மொளச்சிரும், அடுத்த ஞாயிறு பிள்ளைங்க வர்றப்ப எல எட்டிப் பாக்கும். விதை போடுறப்பவே 'இன் த சாயில்', தண்ணி 'ஆன் த சாயில்', தட்டு 'அண்டர் த டின்'. பாடம் தானா வந்துருது, நீ ஒண்ணும் படம் வரைய வேணாம். விளிம்பு மட்டும் பாத்துக்கோ, டப்பா திறந்த எடத்துல கைய கிழிச்சிரும், நான் சுத்தியால தட்டி மடக்கிட்டுத்தான் குடுப்பேன்.

இன்னொண்ணு. என் கிளாஸ்ல எல்லாச் செடியுமே 'ட்ரீ'தான், ரோஸ் ட்ரீ, தக்காளி ட்ரீ, மிளகா ட்ரீ. ஏன்னு ரொம்ப நாள் புரியல, அப்புறம்தான் பிடிபட்டுது, பர்மாவுல மரமோ செடியோ எல்லாம் 'அபின்'தானே. ஆனா நம்ம தமிழ்ல மரம், செடி, கொடின்னு பிரிச்சு வெச்சிருக்கோமே! அந்த எடத்துல தமிழ எடுத்துக்கோ, மரம்னா ட்ரீ, செடின்னா பிளான்ட், கொடின்னா கிரீப்பர். ஒரே நாள்ல தெளிஞ்சிரும். அதே மாதிரி 'பக்கத்துல'ங்கறது தமிழ்ல வழவழான்னு இருக்கும், ஒட்டி இருந்தாலும் பக்கத்துல, நாலு வீடு தள்ளி இருந்தாலும் பக்கத்துலதான். பர்மாவுல 'பே ஹ்மா' வேற, 'நா ஹ்மா' வேற. அங்க பர்மாவ எடுத்துக்கோ, பே ஹ்மாவுக்கு நெக்ஸ்ட் டு, நா ஹ்மாவுக்கு நியர். ரெண்டு பாஷை தெரிஞ்ச பிள்ளைங்கள குறைச்சலா நெனைக்காத, எது உதவுதோ அத பிடிச்சுக்க வேண்டியதுதான்.

மோல்மேன்காரன்:

மன்னிக்கணும், பிள்ளைங்களுக்கு தமிழே எழுதப் படிக்க வரல, அதுக்குள்ள கோயில் மண்டபத்துல இங்கிலீஷ் எதுக்கு? ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் தமிழுக்குன்னு இருக்கு, அதையும் பங்கு போட்டா எப்படி.

தட்டோன் சயாமா:

அண்ணே, உங்க வருத்தம் எனக்கும் உண்டு. ஆனா இங்கிலீஷ் ஒரு மணி நேரம்னு போட்டாத்தான் பெத்தவங்க அனுப்புறாங்க, மிச்சம் ரெண்டு மணி நேரம் தமிழ்தான். தமிழ் மட்டும்னு நடத்துன வருஷம் அஞ்சு பேருதான் வந்தாங்க. இதுக்கு மேல இத இங்க பேச வேணாம்ணே, தனியா பேசுவோம்.

சும்மா ஒரு வாசகன்:

சயாமா, அந்தப் பொண்ணு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலயே. நான் டீச்சர் இல்ல, மொழியியல் படிச்சவன், அதனால இது எனக்குப் பிடிச்ச ஏரியா. ஜூடித் ஜான்ஸ்டன், டான் ஸ்லோபின்னு ரெண்டு பேரு 1979ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. இங்கிலீஷ், இத்தாலி, துருக்கி, செர்போ குரோஷியன்னு நாலு பாஷை பேசுற சின்னப் பிள்ளைங்க, ரெண்டு வயசுலேர்ந்து நாலே முக்கால் வயசுக்குள்ள, அவங்கவங்க தாய்மொழியில எடம் சொல்ற சொல்ல எந்த வரிசையில புடிக்கிறாங்கன்னு பாத்தாங்க. பாஷை எதுவானாலும் வரிசை கிட்டத்தட்ட ஒண்ணுதான், உள்ள, மேல, அடில, பக்கத்துல இதெல்லாம் மொதல்ல, நடுவுல அப்புறம். முன்னாடி பின்னாடி ரெண்டா பிரியுது, மூஞ்சி முதுகு உள்ள பொருளுக்குன்னா சீக்கிரமே வந்துருது, மூஞ்சி இல்லாத பொருளுக்குத்தான் கடைசி. துருக்கியும் நம்மள மாதிரி பின்னாடி ஒட்டுற பாஷைதான், அந்தப் பிள்ளைங்க இங்கிலீஷ் பிள்ளைங்கள முந்திருச்சுங்க, அதனால வால் பின்னாடி இருக்கறது ஒண்ணும் குறை இல்ல.

இப்ப உங்க வேப்பமரத்துக்கு வாங்க. நாற்காலிக்கு முதுகு உண்டு, வீட்டுக்கு வாசல் உண்டு, நீங்க எங்க நின்னாலும் அதோட முன்பக்கம் மாறாது. மரத்துக்கு ஏது மூஞ்சி? பாக்குறவன் பக்கம்தான் முன்பக்கம். நீங்க நின்ன எடத்துலேர்ந்து அவ பின்னாடி, அவ நின்ன எடத்துலேர்ந்து அவ மரத்துக்கு முன்னாடி. அழுத பொண்ணு சொன்னது சரிதான். அடுத்த வாரம் எல்லாரையும் மரத்த சுத்தி அந்தாண்ட கூட்டிட்டுப் போய் அவ பக்கத்துல நிக்க வெச்சு மறுபடி கேளுங்க, சண்டையே பாடம் ஆயிரும்.

ஆனா ஆரம்பிக்கறது மரத்துல வேணாம், மூஞ்சி உள்ளதுல ஆரம்பிங்க. கோயில்லதான இருக்கீங்க, முருகன் சந்நிதி இருந்தா மயிலு அவருக்கு நேரா நிக்கும், 'த பீகாக் இஸ் இன் ஃப்ரன்ட் ஆஃப் முருகன்'. இதுல எந்தப் பிள்ளையும் தடுமாறாது.

பெகு வாத்தியார்:

தம்பி நல்லாச் சொன்னீங்க. மரம்னதும் ஞாபகம் வந்துச்சு, ஒண்ணு விட்டுட்டேன். மாங்கா 'ஆன் த ட்ரீ', காக்கா 'இன் த ட்ரீ'. நமக்கு ரெண்டும் 'மரத்துல'. காய் மரத்தோடயே ஒட்டி வளந்தது, அதனால ஆன். காக்கா கெளைக்கும் எலைக்கும் நடுவுல புகுந்து உக்காந்திருக்கு, அதனால இன். கெளையச் சொன்னா மட்டும் காக்காவும் 'ஆன் த பிராஞ்ச்'. எட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு சொல்லலாம், ஆறு வயசுக்கு வேணாம், கொழம்பிரும்.

தட்டோன் சயாமா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு ஞாயிறு ஆச்சு, நடந்தத சொல்றேன். மொத வாரம் டப்பா, பயறு எல்லாம் ஆச்சு, மழை வேற கொட்டுனதால எல்லாத்தையும் மண்டபத்துக்குள்ள இழுத்து வெச்சோம், அதுவே 'இன் த ஹால்', 'நியர் த டோர்'னு பாடம் ஆயிருச்சு. அண்டர்தபாட் நல்லா ஒட்டிக்கிச்சு வாத்தியாரய்யா, இப்ப ஒருத்தன் சோறு திங்கறப்பகூட 'அண்டர்தரைஸ்'னு முட்டைய தேடுறானாம், அவங்க அம்மா வந்து சொல்லுது. அபோவ் இன்னும் பாதிப் பேருக்குத்தான் வருது.

நேத்து மரத்த சுத்தி கூட்டிட்டுப் போனேன். அந்தப் பொண்ணு பக்கத்துல எல்லாரும் நின்னப்ப கேட்டேன், 'இன் ஃப்ரன்ட் ஆஃப் த ட்ரீ'ன்னு ஒரே சத்தம். அவ என்னப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. நீ சொன்னதுதாம்மா சரி, சயாமாதான் தப்புன்னு சொல்லிட்டேன். உடனே ஒருத்தன், அப்ப பிஹைண்ட்னு சொன்ன எங்களுக்கு மார்க்கு கொறையுமான்னு கேக்குறான்.

அக்கா, ஒரு டப்பாவுல மட்டும் மொளைக்கவே இல்ல, நாலு பயறும் அழுகிருச்சு, அந்தப் பையன் தெனமும் வந்து ரெண்டு வேள தண்ணி ஊத்தியிருக்கான். வேற பயறு போட்டா இந்த மழையில வருமா, இல்ல உளுந்து போடட்டுமா?

மிங்கலா அக்கா:

பயறே போடு, மண்ண மட்டும் மாத்திரு, ஓட்டை அடைஞ்சிருக்கும் பாரு. தண்ணி நீ ஊத்து, அவன் கையில பூவாளி குடுக்காத.