10 கிலோ டம்பெல் மட்டும் வச்சு உடம்பு ஏறுமா?

அட்டன்_தம்பி:
டவுன் ஜிம்முக்கு பஸ் காசு கட்டுபடியாகல, அதனால லயத்து வாசல்லயே ரெண்டு 10 கிலோ டம்பெல், அப்புறம் பழைய உரப்பையில மண்ணு கட்டி 25 கிலோ மூட்டை ஒன்னு. தினமும் கைக்கு 3 செட், 12 தடவை, நடுவுல அரை நிமிசம் ரெஸ்ட். 4 மாசமாச்சு, மொத மாசம் ஏறுன மாதிரி இருந்துச்சு இப்ப அப்படியே நிக்குது. பாரம் கூட்டுனா தான் சதை வரும்னு ஒரு மாஸ்டர் சொன்னாரு, நெசமா?

பண்டாரவளை_காரன்:
பாதி நெசம் தம்பி. கனடாவுல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில பண்ணி 2012ல வந்த ஆராய்ச்சி ஒன்னு இருக்கு, ஒரே ஒரு தடவை தூக்க முடியுற பாரத்துல 30 சதவீதம், 80 சதவீதம்னு வச்சு 10 வாரம் கால் பயிற்சி குடுத்தாங்க, முடியாமப் போற வரைக்கும். சதை கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் வளந்துச்சு, ஆனா பலம் மட்டும் 80 சதவீதக்காரனுக்கு கூட. அதனால சதைக்கு 10 கிலோ போதும், நீ 12ல நிப்பாட்டுறியே, அதுக்கு மேல எத்தனை அடிக்க முடியும்னு எண்ணிப் பாத்தியா?

கொழுந்துமலை_அக்கா:
கைக்கு வாரம் 21 செட், காலுக்கு சைபர், நல்ல கணக்கு தான் 😀 மலையேறுறோமேன்னு சொல்லாத, அது மூச்சுக்கு நல்லது, தொடைக்கு பத்தாது. மூட்டைய தோள்ல வச்சு உக்காந்து எந்திரி, முடிஞ்சா ஒத்தக் கால்ல. ஒவ்வொரு தசைக்கும் வாரம் 10 செட்டுக்கு மேல வந்தா நல்லது, அத ரெண்டு மூனு நாளா பிரிச்சுக்க. ரெஸ்டும் 2, 3 நிமிசம் விடு, அரை நிமிசத்துல அடுத்த செட்டு தூக்குனா மூச்சு தான் முட்டும், எண்ணிக்கை கொறஞ்சு போயிரும். அப்புறம் சாப்பாடு என்னா? காலைல ரொட்டியும் பிளேன்டீயும் தானா?

அட்டன்_தம்பி:
ஆமாக்கா ரொட்டி தான் 😅 இன்னைக்கு நிப்பாட்டாம அடிச்சேன், 27 வந்துச்சு.

பண்டாரவளை_காரன்:
பாத்தியா, பாதியிலயே எறக்கி வச்சிருக்க. ஒரு நாளைக்கு உடம்பு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம்னு வச்சா 60 கிலோ ஆளுக்கு 96 கிராம், ஒரு முட்டைல 6 தான். பருப்பு, கடலை, நெத்தலிக் கருவாடு சேத்துக்க. 27 லேசா வர ஆரம்பிச்சா மெதுவா எறக்கு, இல்ல டம்பெல்லோட மண்ணு போத்தல் ஒன்னு கட்டு.