ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளைகள்: மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்க

மேலூர் அக்கா:
ரிசல்ட் அன்னிக்கு பிரவுசிங் சென்டர் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்க. கூட்டமெல்லாம் கலைஞ்சு மத்தியானம் ஆன பிறகு ஒரு பையன் வந்தான். பதிவெண், பிறந்த தேதி போட்டேன். காமர்ஸ் குரூப், 600க்கு 391. “பாஸுடா தம்பி”ன்னேன். முகத்துல ஒண்ணுமே இல்ல. பிரிண்ட்டை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னான்.

“அக்கா, இருட்டுற வரைக்கும் இங்கயே உட்காந்துக்கவா? தெருமுனையில எல்லாரும் உட்காந்திருக்காங்க. எவ்வளவுன்னு கேப்பாங்க, சொல்லிருவேன். அடுத்து என்னன்னு கேப்பாங்க.”

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தேன். பையில போன் அடிக்கும்போதெல்லாம் சட்டைக்கு மேலேயே கையை வச்சு அமுக்கி நிறுத்தினான். வெளக்கு வச்ச பிறகுதான் எந்திரிச்சுப் போனான். மாநிலத்துல முதலிடம், ரெண்டாமிடம்னு அறிவிக்கிறதை 2017லேயே அரசாங்கம் நிறுத்திருச்சு. தெருவுல இன்னும் யாரும் நிறுத்தலை.

வேதியியல் வாத்தியார்:
எனக்கு மறக்காதது ஒரு பெண். மலையடிவாரத்து அரசு மேல்நிலைப் பள்ளி. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாள். வரிசையில் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டு இவள் கடைசியாக வந்தாள். “சார், என் டிசி இன்னைக்கு வேணாம். ஆபீஸ்லயே இருக்கட்டும்” என்றாள்.

ஏம்மா என்றேன். “அது வீட்டுக்கு வந்துட்டா படிப்பு முடிஞ்சுதுன்னு ஆயிடும் சார். மாமா வீட்ல அதுக்குத்தான் காத்திருக்காங்க.”

பதினெட்டு நிறைய இன்னும் மாதங்கள் இருந்தன. நல்ல மதிப்பெண், நர்சிங் படிக்க ஆசை. தலைமையாசிரியரிடம் சொல்லி டிசியைத் தனியாக எடுத்து பீரோவில் வைத்தோம். அரசுக் கலைக் கல்லூரிக்கும் சேர்த்துப் பள்ளிக் கணினியிலேயே விண்ணப்பம் போட்டுக் கொடுத்தோம். கொஞ்ச நாள் கழித்து அப்பா வந்தார். சண்டை போடவில்லை, குரல் உயர்த்தவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து கேட்டார். பெற்றவர் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பேசினோம். “பாக்கலாங்க சார்” என்றார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது காரணம் என்ற இடத்தில் அவரே பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, ‘மேல்படிப்பு’ என்று எழுதினார்.

மனதார எழுதினாரா, நாங்கள் பார்க்க வேண்டும் என்று எழுதினாரா? அந்தப் பெண் அக்கா ஊருக்குப் போயிருக்கிறாள் என்பதுதான் கடைசியாக எங்களுக்குக் கிடைத்த தகவல்.

ரயிலடி:
வாத்தியார் சார், படிக்கவே கோபம் வருது. வயசு ஆகலைன்னு தெரிஞ்சிருக்கு, மாமா வீடு காத்திருக்குன்னு அந்தப் பொண்ணே வாய்விட்டுச் சொல்லியிருக்கு. குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் பண்ணியிருக்கணும். பீரோவுல டிசியைப் பூட்டி வைக்கிறது பாதுகாப்பா?

என் அனுபவம் சின்னதுதான். எதிர்வீட்டுப் பொண்ணு கவுன்சிலிங்கில் சான்றிதழ் ஏத்துற கடைசி நாள் சாயங்காலம் எங்க வீட்டுக்கு ஓடி வந்து, “அண்ணா, முதல் பட்டதாரி சர்டிபிகேட்னா என்ன?”ன்னு கேட்டுச்சு. அந்தக் குடும்பத்துல அதுக்கு முன்னால யாரும் காலேஜ் போனதில்ல. அதனாலதான் அந்தச் சான்றிதழே இருக்கு. அதனாலேயே அதைப் பத்திச் சொல்லவும் வீட்டுல ஆளில்ல.

அதனால இதைப் படிக்கிற பெத்தவங்களுக்குச் சொல்றேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாத்துக்கும் பரீட்சை முடிஞ்ச கையோட இ-சேவையில போட்டுருங்க. பேருல ஒரு எழுத்து மாறியிருந்தா அதுக்கே தனி அலைச்சல். இன்ஜினியரிங் கட்-ஆப் 200க்குத்தான்: கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. மொத்த மார்க்கை வச்சுப் பயப்படாதீங்க. காலேஜ் சாய்ஸ் குடுக்கும்போது எது நிஜமாவே வேணுமோ அதை மேல போடுங்க, கிடைக்காதுன்னு நீங்களே கீழ தள்ளாதீங்க, எத்தனை வேணா போடலாம். ஆறாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருந்தா மருத்துவத்துல 2020லேர்ந்தும், இன்ஜினியரிங், வேளாண்மை மாதிரி படிப்புகள்ல 2021லேர்ந்தும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அதுல இன்ஜினியரிங் கிடைச்சா படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசாங்கமே கட்டுது. அரசுப் பள்ளிப் பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ப்ளஸ் டூவுல சயின்ஸ் குரூப்போ தொழிற்கல்விப் பிரிவோ முடிச்சிருந்தா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், இது நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. மேலூர் அக்கா, அந்தப் பையன்கிட்ட இதையெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கலாமே?

வேதியியல் வாத்தியார்:
1098க்குச் சொன்னோம் ஐயா. வந்தார்கள், வீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் எழுதியது அதற்குப் பிறகும் விலகாத ஒன்றைப் பற்றி.

பனியன்காரன்:
ரயிலடி அண்ணா சொன்ன சலுகை அத்தனையும் நெசந்தானுங்க. ஆனா அது வந்து சேர்றதுக்கு முன்னால வேற ஒண்ணு வந்து சேர்ந்துருது.

திருப்பூர்ல பனியன் கம்பெனியில நான் பவர் டேபிள் லைன், அதாவது தையல் மெஷின் வரிசை, பார்த்துக்கறேன். பரீட்சை முடிஞ்ச மறுவாரமே பசங்க பஸ் ஏறி வந்துருவாங்க. லீவுக்குத்தான்னு சொல்லுவாங்க. போன வருசம் ஒருத்தன், திருவண்ணாமலைப் பக்கம், டெய்லர் பக்கத்துல இருந்து துணியை மடிச்சுக் குடுக்கற கை மடிக்கற வேலைக்கு வந்தான். நல்ல சுறுசுறுப்பு, தினமும் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் வாங்கி அம்மாவுக்குப் போட்டுவிட்டுட்டு மிச்சத்துல ஒரு டீயும் பன்னும். ஒருநாள் டேபிள் மேல இருந்த போன்ல மெசேஜ் வந்துச்சு. நானும் பார்த்தேன், கவுன்சிலிங்ல சீட் ஒதுக்கியிருக்குது, உறுதி பண்ணணும்னு. படிச்சான். போனைக் குப்புற வச்சுட்டு அடுத்த பீஸை எடுத்தான்.

“ஏன் கண்ணு, போகலியா?”ன்னேன். “அம்மா மூணு வாரமா கடைக்காரன்கிட்ட கடன் சொல்லலைங்கண்ணா”ன்னான்.

காலேஜ் பீஸ் கட்ட வேண்டாம்னாலும், அவன் படிக்கப் போனா அந்த வீட்டுக்குச் சனிக்கிழமைப் பணம் நின்னு போகுமுங்க. அந்தக் கணக்குக்கு எந்தத் திட்டத்துலயும் இடமில்லை. அவன் இப்ப ஓவர்லாக் தைக்கறான். நல்லாத்தான் தைக்கறான். பார்க்கறப்ப எனக்குத்தான் சங்கடமா இருக்குது.

2021 பேட்ச்:
எங்களை யாரும் கணக்குல எடுக்கறதில்ல. கொரோனாவால பரீட்சையே நடக்கல. பத்தாவதுக்கு 50 சதவீதம், ப்ளஸ் ஒன்னுக்கு 20, ப்ளஸ் டூ செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும் 30ன்னு கூட்டி மார்க் குடுத்தாங்க. பத்தாவதுல டைபாய்டோட பரீட்சை எழுதினவ நான். ப்ளஸ் டூவுல எல்லாத்தையும் மாத்திக் காட்டணும்னு ராத்திரி பகலா படிச்சேன். படிச்சதை எழுதிக் காட்ட ஒரு தாள் கிடைக்கல.

காலேஜ் முடிச்சு ஒரு இன்டர்வியூ. எதிர்ல இருந்தவர் ஃபைலைப் புரட்டி வருஷத்தைப் பார்த்தார். “ஓ, ஆல் பாஸ் பேட்ச்சா?”ன்னார். பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. வேலை கிடைச்சுது, அங்கதான் இருக்கேன். ஆனா அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கேட்குது. பனியன்காரன் அண்ணா, அந்தப் பையனுக்கு அஞ்சல் வழியில டிகிரி படிக்கச் சொல்லுங்க. வேலையை விடாமலே படிக்கலாம்.

பெயர் வேண்டாம்:
நான் இந்த வருஷம். பிசிக்ஸ் போயிருச்சு. தியரியில 12தான் போட்டிருக்காங்க, நான் அதுக்கு மேல எழுதியிருக்கேன். அப்பா ஒண்ணும் திட்டல, “சாப்பிட்டியா”ன்னு மட்டும் கேட்டார். அதுலேர்ந்து எங்க வீட்டுல டிவி போடறதில்ல. இதெல்லாம் படிச்சப்ப எழுதணும்னு தோணுச்சு. துணைத் தேர்வு எழுதினா இந்த வருஷமே சேர முடியுமா?

மேலூர் அக்கா:
முடியும் தம்பி. துணைத் தேர்வுல பாஸ் ஆனவங்களுக்குன்னே இன்ஜினியரிங்ல துணைக் கலந்தாய்வு நடக்கும், கலைக் கல்லூரிகள்லயும் காலியிடம் இருக்கும். மார்க்குல சந்தேகம்னா மொதல்ல விடைத்தாள் நகலுக்குப் போடு, அதைப் பார்த்துட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடான்னு முடிவு பண்ணலாம். ஆனா அதுக்காகக் காத்திருக்காம துணைத் தேர்வுக்கும் சேர்த்தே பணம் கட்டிரு. ரெண்டுக்கும் கடைசித் தேதி ரொம்பக் கிட்ட. மனசு ரொம்பக் கனத்தா அரசாங்க மருத்துவ உதவி எண் 104க்குப் பேசு, ராத்திரியிலயும் எடுப்பாங்க. ஹால் டிக்கெட்டை எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில உங்க பள்ளிக்கூடத்துக்கே போ, அங்கேயே அப்ளிகேஷன் போட்டுக் குடுப்பாங்க.