அம்மம்மாவின் கல்வெட்டு: 22 நாளில் என்ன, எப்படி?

வேலியோரம்:
அம்மம்மா 97 வயதில் ரொறன்ரோவில் 2025 பெப்ரவரி 8 இரவு 9 மணிக்குக் காலமானா. இன்று 9ஆம் நாள். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதுதான் நினைவு மலர், அடிக்கும் பொறுப்பு என்னிடம். ஆறு பிள்ளைகள், நாலு நாட்டில். ஏ5 அளவில் 32 பக்கம் என்று அச்சகத்தில் சொல்லியிருக்கினம். திதியை எப்படி எடுப்பது? வாழ்க்கைக் குறிப்பில் எதை எழுதுவது? பழைய படங்களில் நல்லது ஒரு சின்ன பாஸ்போட் படம் மட்டும்தான்.

வாக்கியக்காரர்:
இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 31ஆம் நாள் மார்ச் 10. அச்சுக்கு ஒரு கிழமை விட்டால், மார்ச் 2க்குள் எல்லாம் கையில் இருக்க வேணும்.

திதி என்பது உயிர் பிரிந்த வேளையில் நின்ற சந்திர நாள். இலங்கைப் பஞ்சாங்கத்தில் பார்க்கிறீர்கள் என்றால் நேரத்தை மாற்றிப் பாருங்கோ. பெப்ரவரியில் ரொறன்ரோவுக்கும் இலங்கைக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். அங்கே அது 9ஆம் திகதி காலை 7.30. கனபேர் 8ஆம் திகதிப் பக்கத்தைத் திறந்து அதிலுள்ள திதியைப் போட்டுவிட்டு, ஆட்டத்திவசத்தில் (முதலாம் ஆண்டுத் திவசத்தில்) தான் முழிப்பினம். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கமும் சில மணித்தியாலம் விலகும். அம்மப்பாவின் திதியை எதில் எடுத்தீர்களோ அதிலேயே எடுங்கோ. வாழ்க்கைக் குறிப்பில் மட்டும் 8ஆம் திகதியே நிற்கட்டும்.

ஆண்டுப் பெயர் குரோதி. விசுவாவசு ஏப்ரல் 14இல்தான் பிறக்கும். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி நாலும் வந்திருக்கா என்று பாருங்கோ. ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றாக முடியாவிட்டால் அது வெண்பா இல்லை. இணையத்தில் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றின வெண்பா அனேகமாய் தளை தட்டும்.

பனங்கூடல்:
தங்கச்சி, பிள்ளைகளிடம் “அம்மா எப்படிப்பட்டவா” என்று கேட்க வேண்டாம். “அன்பானவா, பண்பானவா” என்றுதான் வரும். அது எந்தக் கல்வெட்டுக்கும் பொருந்தும். தோட்டத்தில் என்ன நட்டவா, எத்தனை பரப்புக் காணி, எந்தக் கிணற்றில் தண்ணி, சீட்டுக் காசு எதற்குப் போனது, ஒடியல் கூழுக்கு என்ன போடுவா என்று கேளுங்கோ. ஆறு பேரிடமும் தனித்தனியே கேளுங்கோ. வட்ஸ்அப் குழுவில் கேட்டால் மூத்தவர் சொன்னதையே மற்ற ஐந்து பேரும் சொல்லுவினம்.

ஆண்டு ஞாபகம் இல்லை என்பார்கள். நடந்ததோடு கட்டிக் கேளுங்கோ: 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்க முன்னமோ பின்னமோ? எழுபதுகளில் இறக்குமதி தடைப்பட்டு மிளகாய், வெங்காயம் விலை ஏறின காலத்திலா வீடு கட்டினது? 1995 அக்டோபர் 30 யாழ்ப்பாண இடம்பெயர்வில் யார் வீட்டில் தங்கினவை, எப்ப திரும்பினவை? சீதன உறுதி (சீதனக் காணிப் பத்திரம்) இருந்தால் தேடி எடுங்கோ. திகதி, பெற்றோர் பெயர், காணியின் பெயர், பரப்பு எல்லாம் ஒரே தாளில் கிடக்கும். பிறந்த திகதி பதிவிலும் சாதகத்திலும் வேறாக இருந்தால், மரண அறிவித்தலில் போனதையே இதிலும் போடுங்கோ. இரண்டு வயது வந்தால் சனம் அதைத்தான் கதைக்கும்.

வம்சவழி பெரிய பொறி. ஒவ்வொரு பிள்ளையின் கிளையையும் அவரவர் வீட்டில் ஒருவர் வாசித்து “சரி” என்று எழுத்தில் தரட்டும். மச்சான் மச்சாள் கலியாணம் இருந்தால் ஒரே ஆள் இரண்டு கிளையில் வருவார்; ஒரு இடத்தில் முழுப் பெயரையும் மற்ற இடத்தில் துணையின் பெயராக மட்டும் போடுங்கோ. கடைசியாக “காலஞ்சென்ற” என்ற சொல்லை மட்டும் தனியாக ஒருமுறை தேடிப் பாருங்கோ. அது விடுபட்டால் மனவருத்தம். உயிரோடு இருக்கிறவரின் பெயருக்கு முன்னால் வந்துவிட்டால் சொல்லத் தேவையில்லை.

ஈயஎழுத்து:
பாஸ்போட் படம் 35க்கு 45 மி.மீ. என்றால், 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கான் செய்ய, 300 டிபிஐ அச்சில் 140க்கு 180 மி.மீ. வரும், முகப்புக்குப் போதும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கோ. சொரசொரப்புத் தாளில் கழுவின படம் ஸ்கானரில் புள்ளி புள்ளியாக விழும். அதை நிழலில் வைத்து நேர் மேலிருந்து கமராவில் எடுங்கோ. அல்பத்தில் ஒட்டிக் கிடப்பதை இழுக்க வேண்டாம், பக்கத்தோடு ஸ்கான் செய்யலாம்.

நடுவில் பின் அடிப்பதால் பக்கம் நாலின் மடங்காக வேணும்: 32 சரி, 34 வராது. அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினால் உங்கள் யூனிகோட் அங்கே சிதறும். ஔகாரக் குறி ‘ள’ ஆகும், கிரந்த எழுத்து காணாமல் போகும். பிடிஎஃப் புறூவ் (சரிபார்ப்புப் பிரதி) வாங்கி, தாளில் அச்சடித்து, பெயர்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசியுங்கோ.

பஞ்சபுராணம் என்ற ஐந்து திருமுறைப் பாட்டும் சிவபுராணத்தின் 95 அடியும் அன்று எல்லோரும் பார்த்துப் பாடுகிற பக்கங்கள். எழுத்து 13 புள்ளிக்குக் குறைய வேண்டாம், மினுங்கும் தாளும் வேண்டாம்.

வேலியோரம்:
நன்றி. பிள்ளைகள், மருமக்கள், பேரர், பூட்டர் என்று புலம்பல் பா தனித்தனியே வேணுமா?

பனங்கூடல்:
ஒன்று போதும். மிச்சப் பக்கங்களில் அம்மம்மாவின் கைப்பக்குவத்தை அளவோடு போடுங்கோ. சரக்குத்தூளுக்கு மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று மகள்மார் இப்பவே சண்டை பிடிக்கத் தொடங்கியிருப்பினம்.

ஈயஎழுத்து:
பிடிஎஃப் ஒன்றை நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் அனுப்பலாம், அங்கே நினைவு மலர்களைச் சேர்க்கினம். அனுப்ப முன் தொலைபேசி இலக்கங்களையும் சின்னப் பிள்ளைகளின் பிறந்த திகதிகளையும் எடுத்துவிடுங்கோ.