சேவ் எடுத்து எத்தனை நாள்?

முறிகண்டியான்:
2009இல் எங்கள் அண்ணைக்கு இடுப்பில் செல் பீஸ், வெடித்த எறிகணையின் சிதறல். எடுக்க முடியாத இடம் என்று விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ட்ரமடோல்தான், அபின் வகையைச் சேர்ந்த நோ மாத்திரை. இங்கே எல்லார் வீட்டிலும் உள்ள கதை, விடுவோம்.

மார்கழி மழையில் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. வயது 44. எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர், "சேவ் எடுத்து எத்தனை நாள்?" என்றார். அண்ணை யோசித்துவிட்டு, "தீபாவளிக்கு எடுத்தது" என்றார். அப்போதுதான் நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றரை மாதத் தாடி, பூனைமயிர் மாதிரி. முந்தி ஒருநாள் விட்டு ஒருநாள் பிளேட் பிடித்த மனிசன்.

காலையில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் டெஸ்டோஸ்டிரோன், அதுதான் ஆண் ஹோர்மோன், அடிமட்டம். இந்த வகை மாத்திரை, மூளையில் ஹோர்மோனை ஏவிவிடும் இடத்தையே அமுக்கிவிடுமாம். அது குறைந்தால் ஆம்பிளைக்கும் எலும்பு உக்குமாம்.

மல்லாவி அக்கா:
உங்களுக்குத் தாடி, எனக்கு மாதவிடாய். 35 வயதில் நின்றது. நாலாம் மாதம் மாமி என் வயிற்றையே பார்த்துக்கொண்டு, "எத்தனை மாதம்?" என்று கேட்டார். இவர் காணாமல் போய் அப்போது ஆறு வருடம். முதுகு நோவுக்குப் போடும் இதே வகை மாத்திரைதான் காரணம் என்று கிளினிக்கில் தெரியவரும் வரைக்கும் அவர் என்னோடு கதைக்கவில்லை.

பாலைமரம்:
இதுக்குத்தான் சொல்கிறேன், இன்றைக்கே எல்லாத்தையும் தூக்கி எறியுங்கள்.

குளக்கட்டு:
தம்பி பாலைமரம், உமக்கு எங்கேயாவது பீஸ் இருக்கிறதா? எங்கள் ஐயா உம்மைப் போலத்தான் எறிந்தார். இரண்டாம் நாள் மூக்கால் ஓடுது, நடுக்கம், வயிற்றோட்டம். நாங்கள் டெங்கு என்று பயந்தோம். சட்டென்று நிறுத்தக்கூடாது, டொக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சரி, எல்லாருக்கும் சொல்கிறேன்: கிளினிக்கில் மாத்திரைப் பெயரை மறைக்காதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் என்றால் காலையில்தான் இரத்தம் கொடுக்க வேண்டும், பின்னேரம் அது தானாகவே இறங்கும். எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேனைப் பற்றியும் கேளுங்கள். இந்த மாத்திரையோடு சாராயம் வேண்டவே வேண்டாம், மூச்சே நிற்கலாம். தலைசுற்றும், இரவில் டோர்ச் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள். குரக்கன், நெத்தலி, எள்ளு தினமும் சாப்பிடுங்கள்.

மல்லாவி அக்கா:
அண்ணை, நெத்தலி என்ன விலை என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்?