பில் தராத மோட்டல்: எங்கே புகார் கொடுப்பது?

அம்மாவின் சிகிச்சைக்காக மாதம் இருமுறை கிருஷ்ணகிரியிலிருந்து கோவை போய் வருகிறோம். நாலு மாதமாக பஸ் தொப்பூர் பக்கம் ஒரே மோட்டலில்தான் நிற்கிறது. டீ 15லிருந்து 25 ஆகிவிட்டது, பேப்பர் கப்பில் பாதிதான் இருக்கும். அதையாவது விட்டுவிடலாம். எம்.ஆர்.பி. 20 என்று அச்சடித்த லிட்டர் தண்ணீர் பாட்டில் 30, பத்து ரூபாய் பிஸ்கட் 15. அம்மாவுக்கு சுகர், மாத்திரை போடும் நேரம், வாங்காமல் இருக்க முடியாது.

பில் கேட்டேன், தரவில்லை. கண்டக்டரிடம் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். 1915 நுகர்வோர் உதவி எண் தெரியும். ஆனால் கையில் இருப்பது விலை தெரிகிற பாட்டில் போட்டோவும் ஜிபேயில் 30 ரூபாய் போன பதிவும்தான்.

இதை மட்டும் வைத்து, எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பதைக் கவனிக்கும் தருமபுரி தொழிலாளர் துறையில் புகார் கொடுத்து, நடவடிக்கை எடுக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?